இரண்டில் ஒன்று மங்கும்

வாண்டு கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் இன்னும் வைக்கவில்லை.

பக்கத்தில் யாரும் கிடையாது என்பது மாஸ்டருக்கும் தெரியும். கண்ணுக்கு லேசர் வைத்ததிலிருந்து அவருக்கு எதைப் பார்த்தாலும் இரண்டாகத்தான் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தை ஒட்டிச் சாயம் போன இன்னொரு கடிகாரம், கதவை ஒட்டி இன்னொரு கதவு, மகள் வாண்டு உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இடப்பக்கம் வெளிறிப்போன இன்னொரு மகள். ஆனால் இரண்டு கடிகாரத்து முட்களும் ஒன்றாகவே நகர்ந்தன. அந்த வெளிறியவள் மட்டும், வாண்டு தண்ணீர் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகு, சாவகாசமாகக் கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம்தான் எழுந்து வாண்டுவின் பின்னால் போனாள்.

பேக்கரியில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சோடாபுட்டி. அடுப்புக் கதவைத் திறந்தால் போதும், மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து, ரொட்டி சிவந்ததா கருகியதா என்று மோந்துதான் பார்க்க வேண்டும். ஒருநாள் வியர்வையில் கண்ணாடி நழுவி மாவில் விழ, பிசையும் எந்திரம் அதையும் சேர்த்துப் பிசைந்துவிட்டது. பேக்கரியே சிரித்த அன்றைக்குத்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருடைய கருவிழி மெலிசு, அதனால் மேல்தோலை வழித்துவிட்டு லேசர் வைக்கிற முறைதான் சரிப்படும், ஆற நாளாகும் என்றார் டாக்டரம்மா. முதல் சில நாள் எரியும், வெளிச்சம் கூசும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், உருவம் இரட்டையாகக்கூடத் தெரியலாம். சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது. மாவுத்தூசி ஆகாது என்று வேலைக்கும் லீவு போட்டாயிற்று.

மனைவி காலையில் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள். வாண்டுக்குப் பள்ளி விடுமுறை. ஜன்னல்களுக்கெல்லாம் கெட்டித் திரை போட்டிருந்த வீட்டில் பகல் முழுக்க அப்பாவும் மகளும் மட்டும். குளிர்பதனப் பெட்டி உறுமி அடங்கும் சத்தம், கண்ணில் விட்ட மருந்து தொண்டைக்குள் இறங்கும் கசப்பு, மூடிய அறையின் துணி வாடை, அதற்கு நடுவே வாண்டு வெறுங்காலோடு ஓடுகிற தட்தட். அந்தத் தட்தட் நின்ற பிறகும் இன்னொரு ஜோடிக் கால் அதே தடத்தில் மெதுவாக நடந்து முடிப்பதை மாஸ்டர் கேட்டார். கண் இரண்டாகப் பார்க்கலாம், காதுமா இரண்டாகக் கேட்கும்?

நாளாக ஆகக் கண் தெளிந்தது. இரண்டு கடிகாரமும் ஒன்றோடொன்று நெருங்கி ஒன்றாயின. கதவு ஒன்றாயிற்று. மனைவியின் முகம் ஒன்றாகி, அவள் நெற்றியில் இருந்த சின்னத் தழும்பைக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடி இல்லாமல் பார்த்தார், சந்தோஷமாகத்தான் இருந்தது. வாண்டு மட்டும் ஒன்றாகவில்லை. வெளிறியவளுக்குக் கன்னத்தில் நிறம் ஏறிக்கொண்டே வந்தது.

பரிசோதனைக்குப் போனபோது சொல்லிவிட்டார்.

"எல்லாம் சரியாயிடுச்சும்மா. என் பொண்ணு மட்டும் ரெண்டா தெரியறா."

"குழந்தைங்க ஒரு இடத்துல நிக்கறதில்லை, அதான் அப்படி," என்றார் டாக்டரம்மா, கருவிக்குள் அவருடைய கண்ணைப் பார்த்தபடியே. "ரொம்ப நல்லா ஆறியிருக்கு. ரெண்டுல ஒண்ணு மங்கி மறைஞ்சிடும். தெளிவா இருக்கறது நிக்கும்."

"மறுபடி பழையபடி ஆக்கிட முடியுமா?"

அவர் சிரித்தார். "எடுத்தது எடுத்ததுதான். அது முளைக்காது. மருந்தை ஒழுங்கா போடுங்க."

அன்று சாப்பாட்டு மேசையில் வெளிறியவள் முதலில் கரண்டியை எடுத்தாள். அதன் பிறகு எடுத்தாள் வாண்டு. தானாக எடுக்கவில்லை, யாரோ கையைப் பிடித்துத் தூக்கினாற்போல எடுத்தாள், எடுத்தபோது அப்பாவைப் பார்த்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மற்றவள். வாண்டு நாற்காலிக்கு இடப்பக்கம் இருந்தாள். காலுக்கு அடியில் எதுவும் இல்லாமல்.

மனைவி நாற்காலியில் இருந்ததன் தலையைத் தடவி, "ஏன்டி இன்னிக்கு இவ்வளவு சமத்தா சாப்பிடறே?" என்றாள். அது சிரித்தது. வாண்டு அம்மாவின் முந்தானையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். விரல்கள் துணிக்குள் போய் அந்தப் பக்கம் வந்தன.

ஊமை கண்ட கனவு மாதிரி ஆகிவிடக் கூடாது என்று, மகள் தூங்கப் போனதும் மாஸ்டர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டினாள்.

"இதோ படுத்திருக்காளே. இவ யாரு பின்ன?"

போர்வைக்குள் படுத்திருந்தது கண்ணைத் திறந்து மாஸ்டரைப் பார்த்தது. வாண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த ஸ்விட்ச் போர்டு அவள் வழியாகத் தெரிந்தது.

மறுநாள் மருந்தை நிறுத்தினார். கண் ஆறினால்தானே ஒன்று மறையும்? ஆறவே வேண்டாம். மனைவி எதிரில் சொட்டு விட்டுக்கொண்டு, அவள் திரும்பியதும் துடைத்துவிட்டார். கண் எரிந்தது, சிவந்தது, ஓரமெல்லாம் கலங்கிற்று. கலங்கிய அளவுக்கு வாண்டு கெட்டிப்பட்டாள். ஒரு மத்தியானம் அவள் குரல்கூடக் கேட்டது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல. அப்பா என்றுதான் கூப்பிட்டாள். மாஸ்டர் குழந்தை மாதிரி அழுதார். கண்ணே போனாலும் சரி, குருடனாக இருந்து இவளை வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தார்.

அன்று மாலை மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மற்றவள் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"அம்மா, அப்பா மருந்தைத் துடைச்சிடறாரு."

வாண்டுவின் குரல். அச்சு அசல் அவள் குரல்.

மனைவி கோபப்படவில்லை. பயந்துபோனாள், அதுதான் கொடுமை. "தழும்பு விழுந்துட்டா பார்வையே போயிடும்னு சொன்னாங்களேங்க. நான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாத்துட்டிருக்கேன்னு நெனச்சேன், இப்படி ஏமாத்தறீங்களே." அவள் கண்ணில் நீர். அவரைச் சோபாவில் சாய்த்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்."

"பேசாம படுங்க."

"அவ போயிடுவா. சொன்னா கேளும்மா. நம்ம பொண்ணு போயிடுவா."

கசக்கிவிட்டால் போதும். முஷ்டியால் நன்றாக அழுத்திக் கசக்கிவிட்டால். இரண்டு கையையும் தூக்கினார்.

"அப்பா கையைப் பிடிச்சுக்கோடா கண்ணு," என்றாள் மனைவி.

அது பிடித்தது. குழந்தைக் கை. வெதுவெதுப்பான, சின்னக் கை. மூட்டை மூட்டையாக மாவு தூக்கிய மணிக்கட்டை அது அசையவிடவில்லை.

இமை விரிந்தது. ஒரு சொட்டு. கசப்பு தொண்டைக்கு இறங்கியது. அடுத்த கண். இன்னொரு சொட்டு.

எரிச்சல் அடங்கியது. கலங்கல் வடிந்தது. எதிர்ச் சுவரோரம் வாண்டு நின்றாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை. முகம் போயிற்று. தோள் போயிற்று. ஒரு கை மட்டும் காற்றில் இருந்தது, தூக்கிக்கொள்ளச் சொல்லி நீட்டிய கை. அதுவும் விரல் விரலாக மங்கியது.

சுவர் தெளிவாகத் தெரிந்தது. பெயின்ட் உரிந்த இடம், ஆணி அடித்த ஓட்டை, மயிரிழை விரிசல், எல்லாம்.

மனைவி அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். மணிக்கட்டை விடாமலேயே அது குனிந்து, அவருடைய கண்ணுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்தது.

"இப்ப நல்லாத் தெரியறேனாப்பா?"