பின்சீட்டின் எடை

பின்சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்கும் புதுக் காற்றுப் பைகள் இரண்டையும் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, ஒரு குமிழிகூட வரவில்லை என்ற பெருமையோடு ட்ராய் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பழைய நீளக் கார் பின்பக்கமாக இரண்டு விரற்கடை அமுங்கியது. காற்று கசிந்தால் இறங்குவதுபோல மெதுவாக அல்ல. யாரோ உட்கார்ந்ததுபோல.

முன்பக்கம் கம்ப்ரஸர் இருமிக்கொண்டே விழித்து, பைகளில் காற்றை நிரப்பி, வண்டியை மறுபடி மட்டத்துக்குத் தூக்கியது. அதன் வேலையே அதுதான். ஆள் ஏறினால் தூக்கும். இறங்கினால் உஸ்ஸென்று காற்றை விட்டுத் தாழும். குறையே சொல்ல முடியாது. உள்ளே ஆள் இல்லை என்பதைத் தவிர.

நாளைக் காலை அக்கா இங்க்ரிட் தன் கல்யாணத்துக்கு இந்தக் காரில்தான் தேவாலயத்துக்குப் போகவேண்டும். வேறு வண்டி கிடையாது. ஓட்டலுக்கு ஓடிய கார் என்று அவளிடம் சொல்லியிருந்தான். ஓடியது உண்மை, ஓட்டலுக்கு அல்ல, சவ அடக்கம் செய்யும் கடைக்கு. சவ வண்டியின் பின்னால் உறவினர்களை ஏற்றிப்போகும் கார். பூ மணம் மட்டும் இன்னும் போகவில்லை.

பக்கத்துத் தெரு மெக்கானிக் ஆர்வினுக்குப் போன் போட்டான்.

"ஓட்டைன்னா ராத்திரி பூரா மெல்ல இறங்கும், தம்பி. டபக்குன்னு இறங்கினா அது எடை."

"உள்ள யாருமே இல்லண்ணே."

"அப்ப மாமியாரா இருக்கும்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"குடுத்து வெச்சவன். டிக்கில ஒரு சுவிட்ச் இருக்கும், அத அணை. அப்புறம் தூக்கவும் தூக்காது, இறக்கவும் இறக்காது."

"நீங்களே ஒரு நடை வாங்களேன். காப்பி குடிக்கலாம்."

"பரவால்ல தம்பி."

"அட, வாங்கண்ணே."

"உனக்கு எதுக்குத் தொந்தரவு."

ட்ராய் அத்தோடு நிறுத்திக்கொண்டான். மின்னசோட்டாவின் அந்த மூலையில் முதல் இரண்டு அழைப்பையும் மறுப்பதுதான் மரியாதை. மூன்றாவது முறை கூப்பிட்டால் ஒரு மனிதர் நிச்சயம் வந்துவிடுவார்; வந்தால் இருட்டும்வரை போகமாட்டார்.

சுவிட்சை அணைத்தான். தகரக் கூரையிலிருந்து பனி சரிந்து விழும் ஓசையும், மண்ணெண்ணெய் அடுப்பின் மெல்லிய உறுமலும், புது ரப்பரின் நெடியும், அதற்கு அடியில் எங்கிருந்தோ ஊறி வந்த வாடிய லில்லிப்பூவின் குளிர்ந்த மணமும் கலந்து நின்ற அந்தக் கொட்டகையில், ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில், அவன் பின்சக்கரத்தையே பார்த்தபடி நின்றான்.

கார் அமுங்கியது.

இம்முறை தூக்கிவிட எதுவும் இல்லை. மறுபடி அமுங்கியது. சீட்டுத் தோல் கிறீச்சிட்டது, ஒருவர் நகர்ந்து இன்னொருவருக்கு இடம் விடுவதுபோல. மறுபடி. டயரின் மேல்பாதி வண்டித் தகரத்துக்குள் மறைந்தது.

கதவைத் திறந்தான். யாருமில்லை. சீட்டில் குழிகள். பக்கத்தில் பக்கத்தில். நெருக்கமாக.

"டேய்! இந்தப் பாவாடை கார் கதவுல நுழையுமான்னு பாக்கணும், தள்ளு."

இங்க்ரிட். கல்யாண கவுன், காலில் பனி பூட்ஸ்.

"ஏறாதக்கா."

"ஏன்?"

"உள்ள… இடமில்ல."

அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே காருக்குள் தலையை நீட்டினாள். "அய்யோ பாவம், இந்தக் குளிர்லயா உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க, காப்பி போட்டு வெச்சிருக்கேன்."

கார் அசையவில்லை.

"அக்கா, வெளையாடாத."

"உன் விருந்தாளிங்களுக்கு ரொம்பக் கூச்சம்டா." மறுபடி குனிந்தாள். "அட, சும்மா வாங்க. கேக் கூட இருக்கு."

அசையவில்லை. மரியாதை தெரிந்தவர்கள்.

அழைப்பு இரண்டு ஆகிவிட்டது என்பது ட்ராய்க்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வாய் திறப்பதற்குள் பாவாடையைச் சுருட்டிப் பிடித்தபடி அவள் முற்றத்தைக் கடந்து சமையலறைப் படி ஏறிவிட்டாள்.

"அக்கா, சொல்லாத!"

கதவைத் திறந்து பிடித்தபடி திரும்பினாள். அவனைச் சீண்டும் அதே சிரிப்பு.

"நெஜமாத்தான் சொல்றேன். வாங்க எல்லாரும்!"

உள்ளே போனாள்.

கார் எழுந்தது. ஒரு விரற்கடை. இன்னொன்று. இன்னொன்று. டயர் முழுதாகத் தெரிந்தது. வண்டி துல்லியமாக மட்டத்தில் நின்றது, புதுசுபோல.

முற்றத்துப் பனி நொறுங்கியது.

மரப்படி முனகியது. கீழ்ப்படி. மேல்படி. மறுபடி கீழ்ப்படி. பலகை வளைந்தது. நிமிர்ந்தது. வளைந்தது.

"கப்பு எத்தன எடுக்கட்டும்டா?" உள்ளிருந்து இங்க்ரிட். சிரிப்பு. பிறகு, சிரிப்பில்லை.

படிகள் ஓய்ந்தன.

அந்தச் சமையலறைக் கதவு ஸ்பிரிங் வைத்தது. விட்டால் தானாக அறைந்து மூடும்.

மூடவில்லை. அகலத் திறந்தபடியே நின்றது. அசையாமல். பொறுமையாக. கடைசியாக வரவேண்டியவனுக்காக யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல.