வியாழக்கிழமைக் கையெழுத்து

போன் அடித்தது.

காலை பத்தரை மணி. தையல்காரி வாயில் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நான்கு நாளில் இது பதினேழாவது அழைப்பு.

வரியாகப் பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கித் தருகிறோம் என்று ஒரு கம்பெனி. வேண்டாம் என்றாள், விடவில்லை. நம்பரைத் தடுத்தாள், வேறு நம்பரில் வந்தார்கள். கடன் கொடுத்தவன்கூட இப்படித் துரத்த மாட்டான்.

குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுப் பேசினாள்.

"சந்தோஷமான விஷயம் மேடம். உங்க வீட்டுக்காரரோட ரீஃபண்ட் பாஸாயிடுச்சு."

"யாரு கேட்டா உங்களை? நாங்க எதுவும் எழுதிக் குடுக்கலையே."

"அவரே குடுத்திருக்காரே... போன வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டிருக்கார்."

போன வியாழக்கிழமை!

தையல் மெஷின் மிதியிலிருந்து அவள் கால் தானாக நழுவியது.

அவள் புருஷன் ஒரு ஒர்க்ஷாப்பில் வெல்டர். காணாமல் போய் நான்கு வருடம். சண்டை போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன் திரும்பவில்லை என்பது ஊருக்குத் தெரிந்த கதை. அதற்கு முன்பே இரண்டு தடவை ஓடியவன்தான். அதனால் யாரும் துருவித் துருவிக் கேட்கவில்லை, அவனுடைய அக்காவைத் தவிர. அந்த நாத்தனார்தான் போலீஸில் புகார் கொடுக்க வைத்தாள். இன்றும் வாரம் தவறாமல் வருவாள். தம்பியைப் பற்றித் தகவல் உண்டா என்று கேட்பாள். இல்லை என்றதும் வாசலோடு திரும்பிவிடுவாள்.

ஊருக்குத் தெரியாத கதை பின்கட்டில் இருந்தது.

தையல்காரி எழுந்து அங்கே ஓடினாள். பழைய தண்ணீர்த் தொட்டி. அன்றைக்கும் அவன் குடித்துவிட்டு வந்து அடித்தான். அவள் தள்ளினாள். ஒரே ஒரு தள்ளு... தொட்டி விளிம்பில் அவன் பின்மண்டை மோதியது. அதற்கப்புறம் நாலு மூட்டை சிமெண்ட்.

குனிந்து தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

ஆள் இங்கேயே இருக்கிறான். அப்படியானால் கையெழுத்துப் போட்டது யார்? யாருக்கோ தெரிந்துவிட்டதா? கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஒற்றை அறை. அதுதான் கம்பெனி! போனில் கேட்ட அதே தேன் குரல், இப்போது டை கட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. தொகை பெரியது என்பதால் வரி ஆபீஸிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வீட்டுக்கே வந்து வெல்டரை நேரில் பார்ப்பார் என்று அவன் பெருமையாகச் சொன்னான். படிவத்தையும் நீட்டினான்.

அவள் புருஷனின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். இது முத்து முத்தாக இருந்தது. மேஜை மேலிருந்த மற்ற படிவங்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே பச்சை மை, அதே முத்து. பெயர்கள்தான் வேறு.

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இவன் வெறும் ஃபிராடு! அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆனால் திங்கட்கிழமை?

"இதை ரத்து பண்ணுங்க."

"அவர் நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும் மேடம். இல்லைன்னா போலீஸ்ல புகார் குடுத்து நகல் கொண்டாங்க." சிரித்தான். எவளும் அவ்வளவு தூரம் போக மாட்டாள் என்கிற தைரியம்.

படியில் நின்று யோசித்தாள். போலீஸ் என்றாலே குலை நடுங்கும். ஆனாலும் இந்த விஷயத்தில் அவள் சொல்லப்போவது முழு உண்மை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக உண்மை அவள் பக்கம் இருந்தது. அந்தத் தெம்பில் நேராக ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். இந்தக் கம்பெனி மேல் இது நாற்பத்தோராவது புகாராம். டீ வரவழைத்தாள். தையல்காரி அரை மணி நேரம் விடாமல் பேசினாள். எத்தனை போன், எந்தெந்த நம்பர், மாடி அறை, பச்சை மை... ஒன்றைக்கூட விடவில்லை.

"அவனைத் தூக்க ஆள் அனுப்பியாச்சும்மா. உங்க ரீஃபண்டை நிறுத்தச் சொல்லி வரி ஆபீஸுக்கும் சொல்லிட்டேன். திங்கட்கிழமை யாரும் வர மாட்டாங்க."

தையல்காரி எழுந்தாள். தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது.

"ஒரு நிமிஷம்."

இன்ஸ்பெக்டர் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே பெஞ்சில் நாத்தனார்! காலில் ஜோடி மாறிய செருப்பு. அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

"ஒர்க்‌ஷாப் ரெக்கார்டைத்தான் அந்தப் பய வாங்கி வெச்சிருக்கான், அதுல இவங்க நம்பரும் இருந்திருக்கு. இன்னிக்குக் காலைல இவங்களுக்கும் போன் போட்டிருக்கான். கையெழுத்துன்னதும் நேரா இங்க ஓடி வந்துட்டாங்க. தம்பி எங்க இருக்கான், இளைச்சுட்டானான்னு இதையேதான் கேக்கறாங்க. கையெழுத்து பொய்னு எவ்வளவு சொன்னாலும் காதுல ஏறலை."

இன்ஸ்பெக்டர் தையல்காரி பக்கம் திரும்பினாள்.

"நீங்க மை கலரைக்கூடச் சொன்னீங்க. நாலு வருஷமாக் காணாத புருஷன் போன வாரம் கையெழுத்துப் போட்டான்னு ஒருத்தன் சொல்றான்... அவர் எங்கேன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையேம்மா?"

"அது... பொய்க் கையெழுத்துன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க."

"பார்த்தது மாடியில. போன்ல கேட்டப்போ?"

நாத்தனார் மெல்ல எழுந்து வந்து தையல்காரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"சொல்லும்மா. என் தம்பி எங்க?"

வாரா வாரம் வாசலில் வைத்துச் சொன்ன பொய் இன்றைக்கு வாயில் வரவில்லை. அந்தக் கைகளின் சூடு அவளை என்னவோ செய்தது. நான்கு வருடமாக அடக்கி வைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பின்கட்டுத் தொட்டியில இருக்காரு அண்ணி..."

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பகல் ஒரு மணிக்கு டைக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நடந்ததை ஏட்டு வாயிலிருந்து கேட்டதும் அவனுக்கு ஒரே குஷி. தன்னால்தானே ஒரு கொலையே வெளியே வந்தது, அதற்காவது கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதா என்று குழைந்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் அறையிலிருந்து எடுத்துவந்த ஒப்பந்தப் பத்திரத்தைப் புரட்டினாள்.

"கிளையண்டுக்கு எது கிடைச்சாலும் அதுல பாதி உனக்குன்னு நீயே போட்டிருக்கே. அந்தம்மாவுக்கு எத்தனை வருஷம்னு கோர்ட் சொல்லட்டும்... பாதியை உன் பேர்ல எழுதிடறேன்!"