பம்பு ரூம் தெரு சிவந்தபோது

மைதானத்தை ஒட்டிய பம்பு ரூம் தெருவின் நெஞ்சு ஒருசேரப் படபடத்ததால், உலகக் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம் இரண்டாவது முறையாக நிறுத்தி வைக்கப்பட்டது.

"உங்கள் தெருவின் நலம் குன்றியுள்ளது. இன்னொரு முறை சிவந்தால் ஆட்டம் ரத்து" என்றது எல்லார் மணிக்கட்டிலும் இருந்த நலமானி. ரத்தானால் கோப்பை, தரவரிசையில் முன்னால் நிற்கும் எதிரணி நெதர்லாந்துக்குப் போய்விடும்.

கோவில்பட்டிக்கு உலகக் கோப்பை வந்ததே பெரிய பேறு. இந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே மட்டை பிடிக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அதில் பாதி உண்மை. இப்போது இந்தியாவின் கோலைக் காத்து நிற்பவளோ இதே தெருவின் கனிமலர். ஆட்டம் சமனாகி, ஷூட்-அவுட் தொடங்கியிருந்தது. அவள் அம்மா குருவம்மாள் டிவி முன்னால் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கும் ஒரு கொறயும் இல்லையே! இது ஏன் செவக்குது?" என்றாள்.

பதில் சொல்ல வேண்டியவர் அய்யாத்துரை. தெருச் சங்கச் செயலாளர். விளையாட்டு விழா நடந்த ஊர்களிலெல்லாம் மைதானத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள் தூக்கம் கெட்டு, வீடு இழந்து நொந்துபோனதைப் பார்த்து, அக்கம்பக்கத்தார் நலம் குன்றினால் ஆட்டத்தையே நிறுத்தும் நலமானிச் சட்டத்துக்காக உண்ணாவிரதம் இருந்தவர். மைதானத்து இரைச்சலை விழுங்கும் ஒலித்தடுப்புச் சுவர் அவர் வாங்கித் தந்தது. யாரும் மிரட்டிக் கழற்ற வைத்துவிடக் கூடாதென்று, கருவியைக் கழற்றினாலும் சிவப்பாகவே கணக்கு என்பதும் அவர் சேர்த்த விதிதான். போன வாரம் தெருவையே அலற வைத்த ஜெனரேட்டரை நலக்காவல் வண்டி வந்து தூக்கிப்போனபோது ஊரே அவரைக் கொண்டாடியது.

"நெஞ்சு படபடத்தா, தொண்ட அடைச்சா, கண்ணு கலங்கினா அதுக்குத் துக்கம் மதினி. பெருமையில கலங்குறோம்னு அதுக்குத் தெரியல" என்றார் பரிதாபமாக. "நாமதான் அமைதியா இருக்கணும்."

"எம்மவ அங்க நிக்கா, நான் அமைதியா இருக்கணுமா?"

ஆனால் இருந்தாக வேண்டும். குருவம்மாளே எழுந்து டிவியை அணைத்தாள். தெரு முழுக்க அணைத்தது. அய்யாத்துரை மனத்தை அடக்கப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பயம் திரும்பி வந்து கருவி மஞ்சளானது. "நிறுத்துங்க கொழுந்தனாரே" என்று அதட்டிவிட்டு, மகள் வந்தால் கடலைமிட்டாய் பிடிக்கலாமென்று வாங்கி வைத்திருந்த நிலக்கடலை மூட்டையைக் குருவம்மாள் வாசலில் கொட்டினாள்.

தெருவே உட்கார்ந்து கடலை உடைத்தது. ஓடு, பருப்பு, ஓடு, பருப்பு. நலமானிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று ஒரு சத்தமும் இல்லை. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊர் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஆட்டத்தை, பக்கத்திலேயே இருந்துகொண்டு, அது நடக்க வேண்டும் என்பதற்காகவே பார்க்காமல் இருந்தார்கள்.

கடைசியில் நலமானி பேசியது. "ஆட்டமும் பரிசளிப்பும் முடிந்தன. இதனால் உங்கள் தெருவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. வாழ்த்துகள்."

"முடிவச் சொல்லுதா பாரு" என்று குருவம்மாள் அதைத் திட்டிக்கொண்டிருக்கையில், தெருமுனையில் கனிமலர் வந்தாள். கால்காப்பைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் தங்கப் பதக்கம் கிடந்தது.

"பாத்தியாம்மா?"

"பாக்கலட்டி. கடல உடைச்சோம்."

கனிமலர் ஓட்டுக் குவியலைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "மைதானத்துப் போர்டுல ரெண்டு தடவ நம்ம தெரு செவந்துச்சு. பாக்காங்கன்னு தெம்பா இருந்துச்சு. அப்புறம் பச்சையாவே கெடந்துதா, உனக்கு என்னமும் ஆயிருச்சோன்னு பயந்துட்டேன். அந்தப் பயத்துலதான்மா பாஞ்சு கடைசிப் பந்தத் தடுத்தேன்."

குருவம்மாள் மகளை அள்ளிக் கட்டிக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. அவள் அழுதாள், அய்யாத்துரை அழுதார், தெருவே விம்மியது. மணிக்கட்டுகள் வரிசையாகச் சிவந்தன.

"நலம் கடுமையாகக் குன்றியுள்ளது" என்றது நலமானி. "காரணம் கண்டறியப்பட்டது: கனிமலர். இடையூறு உடனே அகற்றப்படும்."

"எம்மவளயா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் குருவம்மாள். "வரட்டும், தூக்கிப் பாக்கட்டும்."

வந்தேவிட்டது நலக்காவல் வண்டி. இறங்கிய இரண்டு காவலர்களும் ஊர்க்காரப் பெண்கள். ஜெனரேட்டரைத் தூக்கிப்போனவர்கள். எதை அகற்ற வேண்டுமென்று தேடி, கூட்டத்தை விலக்கி, கனிமலரைப் பார்த்தார்கள். அவள் கழுத்துத் தங்கத்தையும் பார்த்தார்கள்.

அவர்கள் மணிக்கட்டும் சிவந்தது.