சாவித் துளைக்குள் ஒரு குளவி

சனிக்கிழமை காலை, சிதம்பரத்தில் கனிமொழியின் வீட்டுப் படியேறும்போது, அழக் கூடாது என்று பிரிசில்லா தனக்குள் சொல்லிக்கொண்டாள். கல்லூரியில் பூச்சியியல் நடத்தும் கனிமொழி, அக்கம்பக்கத்தார் சிக்கல்களை நிதானமாகப் பிரித்துப் பார்ப்பதில் பெயரெடுத்தவள்.

கடலூர் முதுநகரில் படுத்த படுக்கையாக இருக்கும் சௌந்தரம் அம்மாளைப் பகலில் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் பிரிசில்லா. வியாழக்கிழமை அவளுக்கு லீவு. அன்று மதியம் அம்மாளின் இரட்டைவடச் சங்கிலி காணாமல் போயிருந்தது.

"மாடியில இருக்கிற சிலம்பரசன், அந்தம்மாவோட தம்பி மகன். நான் சாவி போட்டுப் பின்கதவத் தொறந்து உள்ள போனதப் பாத்தேன்னு சொல்றாரு மேடம். அந்தக் கதவுக்கு, அவசரத்துக்குன்னு குடுத்த ஒரே சாவி எங்கிட்டதான் இருக்கு. ஒரு மாசமா அதத் தொடவேயில்ல. திங்கக்கெழம போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வேல கெடச்சிருக்கு. கேஸ் ஆயிட்டா அதுவும் போச்சு."

"அந்தச் சிலம்பரசன்தான் எடுத்திருப்பான்," என்றான் கனிமொழியின் கணவன் இளவரசு, கார் சாவியைத் தேடியபடி.

"பாக்காம சொல்லாதீங்க," என்றாள் அவள்.

முதுநகர் வீட்டில் அம்மாளின் மகன் சுப்புராயன் வேண்டாவெறுப்பாகக் கேட்டைத் திறந்தார். கனிமொழி நேரே கொல்லைப்புறம் போய்ப் பின்கதவின் முன் குனிந்தாள். சாவித் துளையைக் காய்ந்த மண் உருண்டை ஒன்று அடைத்திருந்தது. அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு எல்லோரையும் அங்கே வரச் சொன்னாள்.

"இது குளவிக் கூடு. இத ஒடைக்காம சாவி போட முடியாது."

"நேத்துக்கூடக் கட்டியிருக்கலாமே," என்றான் சிலம்பரசன்.

பிரிசில்லா கனிமொழியின் முகத்தைப் பார்த்தாள்.

"கட்டியிருக்கலாம். அதுக்குத்தான் பிரிக்கப் போறேன். குளவி உள்ள ஒரு முட்ட போட்டு, பச்சப் புழுவுங்களக் கொடுக்கால கொட்டி மயக்கி உள்ள வெச்சு அடச்சிட்டுப் போயிடும். கொட்டுன புழு சாவாது. அசையாம, கெட்டுப் போவாம கெடக்கும். குஞ்சு பொறந்து அதத் தின்னு வளரும். வியாழனுக்கு அப்புறம் கட்டுனதுன்னா பச்சப் புழு இன்னும் மிச்சம் இருக்கணும்."

இடுக்கியால் மண்ணை மெல்லப் பெயர்த்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் ஏந்தினாள். பச்சைப் புழு ஒன்றுகூட இல்லை. காலும் இறக்கையும் மடிந்த, வெளுத்த கூட்டுப்புழு ஒன்று நெளிந்தது.

"எல்லாத்தையும் தின்னு முடிச்சு, குளவியா மாறிக்கிட்டிருக்கு. கூடு கட்டிப் பத்து நாளாவது ஆயிருக்கும். அத்தன நாளும் இந்தத் துளையில சாவி நொழையல."

"அப்ப, எடுத்தவங்க முன்கதவு வழியாத்தான் வந்திருக்கணும்," என்றான் இளவரசு. "அந்தச் சாவி யார்கிட்ட இருக்கு சார்?"

"எங்கிட்ட ஒண்ணு." சுப்புராயன் மெதுவாகத் திரும்பினார். "இவன்கிட்ட ஒண்ணு."

சிலம்பரசன் மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது கைக்குட்டையில் சங்கிலி இருந்தது.

"என் கல்யாணத்துக்குக் கேட்டேன். அத்த தரல மச்சான்."

சுப்புராயனால் பிரிசில்லாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மனசுல வெச்சுக்காதம்மா. திங்கக்கெழமையிலேர்ந்து எப்பவும் போல வந்துடு."

இரண்டு நாளாக அவள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. உள்ளே அம்மாள் இருமும் சத்தம் கேட்டது.

"அம்மாவுக்கு மத்தியான மாத்திரையக் குடுத்துட்டுப் போறேன் சார்," என்றாள். "திங்கக்கெழமைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."