மின்மினி தின்கிறாள்

வரியின் தலைமாட்டில் நாற்பத்தொன்று என்று ஓர் எண் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் எதுவும் வந்திருக்கக் கூடாது.

முதஸ்ஸிர் கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தான். அவன் ஆடிக்கொண்டிருந்தது படமே இல்லாத ஆட்டம். கறுப்புத் திரை, அதில் எழுத்து மட்டும். ‘வடக்கே போ’ என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறது என்று நாலு வரி வரும். ‘எலியை அடி’ என்று தட்டினால் யார் யாரைக் கடித்தார்கள் என்று வரும். ஊர் ஊராக உட்கார்ந்துகொண்டு இருபது முப்பது பேர் ஒரே நிலவறைக்குள் திரிவார்கள். எதைத் தட்டினாலும் பதிலுக்குக் கீழே கடைசியாக ஒரு வரி நிற்கும்: வயிறு இவ்வளவு, உயிர் இவ்வளவு, தெம்பு இவ்வளவு. அதற்குப் பெயர் பிராம்ப்ட். அதை அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வ என்று போட்டால் வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும், உ போட்டால் உயிர். நடுவில் கோடு, நட்சத்திரம், பச்சை, சிவப்பு. சிலர் கல்யாணப் பத்திரிகை மாதிரி அதை ஜோடித்து வைப்பார்கள், முதஸ்ஸிர் அந்த ரகம்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியே விடாத மழை, மந்தைவெளி தெருவில் முழங்கால் தண்ணீர். பொழுது போகாமல் அவன் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு, யாருக்கும் தெரியாத கணக்கு ஏதாவது உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று நோண்டிக்கொண்டிருந்தான். எல்லாம் வெறுமனே போயின. ங போட்டபோதுதான் இந்த நாற்பத்தொன்று. ஒன்றாம் வகுப்போடு உலகமே மறந்துவிட்ட எழுத்துக்கு யார் போய் ஓர் எண்ணை மாட்டி வைத்திருப்பார்கள்? என்ன எண் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் ஊதா நிறத்தில், வரியின் தொடக்கத்தில், பார்க்க அம்சமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டான்.

அது அவனுடைய பாத்திரத்தின் பிராம்ப்ட் அல்ல, மனைவி சகினாவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் சந்தித்ததே அந்த நிலவறையில்தான். அங்கே அவள் பெயர் மின்மினி. இப்போது தரமணியில் வேலை, பறக்கும் ரயிலில் போய் வந்து சோபாவில் சாய்ந்தால் எழுந்திருக்க முடியாது, ஆட்டத்தையே மறந்துவிட்டாள். ஆள் வராத பாத்திரங்களை வருடக் கடைசியில் அழித்துவிடுவார்கள். மின்மினி அழிவதை முதஸ்ஸிரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் அவளுக்குச் சொல்லாமலே மின்மினியை உள்ளே விட்டு, சாக்கடை மண்டபத்தில் நிற்க வைத்து, தானாக ஓடும்படி கட்டளை எழுதி வைத்திருந்தான். எலி வந்தால் அடி. செத்ததிலிருந்து கிடைப்பதை எடு. பிராம்ப்ட்டின் முதல் எண் முப்பதுக்குக் கீழே போனால், எடுத்ததைத் தின்.

வாரக் கடைசிக்குள் சகினா ஓயாமல் பல் துலக்க ஆரம்பித்தாள்.

“தண்ணில எதுனா கலந்திருக்கா பாரேன்,” என்றாள், வாய் நிறைய நுரையோடு. தன் அம்மா முன்னால் ‘என்னங்க’ என்பவள், தனியாக இருக்கும்போது அவனை நீ என்றுதான் பேசுவாள். “வாயெல்லாம் சாக்கடை வாடை. நாக்கு மேல எண்ணெய் மாதிரி ஒட்டிக்கிட்டு போகவே மாட்டேங்குது.”

அவன் குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து முகர்ந்தான். தண்ணீரில் ஒன்றும் இல்லை. வாடை அவள் பக்கமிருந்து வந்தது. மழைக்காலத்தில் மேன்ஹோல் மூடியைத் தூக்கினால் அடிக்குமே, இனிப்பும் புளிப்பும் கலந்து தொண்டையில் போய் உட்காருமே, அந்த நாற்றம் அவள் பேசப் பேச அலையலையாக வந்தது. அவன் டம்ளரை முகர்வது போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு வாந்தி. மேசையில் இடியாப்பத்தை வைத்துவிட்டு ஓடுவாள். தி.நகரிலிருந்து மாமியார் ரூபீனா தினமும் இரண்டு வேளை போன் செய்தார்.

“மாப்ளே, எங்கிட்ட மறைக்காதீங்க. புளிப்பு கேக்குறாளா?”

“அதெல்லாம் இல்ல மாமி.”

“கேப்பா, கேப்பா. அல்ஹம்துலில்லாஹ். நான் வெள்ளிக்கிழமை வரேன்.”

கர்ப்பச் சோதனைப் பட்டையில் ஒற்றைக் கோடுதான் வந்தது. சகினா அதை நியூஸ் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டாள். அடையாற்றில் ஒரு டாக்டர் வயிற்றுப்புண் என்று மாத்திரை எழுதினார். ஸ்கேன் எடுத்த பெண், படத்தில் ஓரிடத்திலேயே கொஞ்ச நேரம் கண்ணை நிறுத்திவிட்டு, வாயு என்றாள். மாத்திரையும் வாந்தியில் முழுசாக வந்தது. ஒன்றுமே சாப்பிட முடியாதவளின் வயிறு மட்டும் சுடிதாருக்கு மேலே உருண்டு தெரிய ஆரம்பித்தது, கன்னமோ ஒட்டிப்போயிற்று.

ஒரு காலை வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. சகினா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு உள்ளே படுத்திருந்தாள். முதஸ்ஸிர் ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தான். சோறு, சளி, முடி. அவள் முடி அல்ல, சாம்பல் நிறத்தில் குட்டை முடி. அப்புறம் ஒன்று வழுக்கிக்கொண்டு கம்பியில் சுற்றி மேலே வந்தது. விரல் தடிமன், வளையம் வளையமாகத் தோல். குழாய் வழியாக ஏறி வந்திருக்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அதன் மேல் அவள் விடிகாலையில் குடித்த ஹார்லிக்ஸ் ஒட்டியிருந்தது. ஒரு முனை பல்லால் கடித்தது போல நசுங்கியிருந்தது.

எலி வால்.

அதைக் காகிதத்தில் சுற்றிக் கீழே கொண்டுபோய் எறிந்துவிட்டு, சோப்பு தீரும்வரை கை கழுவினான். அறைக்குள் அவள், “என்ன அடைச்சிருந்துச்சு?” என்று கேட்டாள். “முடி,” என்றான். கிட்டே வா என்பது போல அவள் கையை நீட்டினாள். அவன் வாசலிலேயே நின்றான். தன் பெண்டாட்டியைப் பார்த்து அருவருப்பு வந்துவிட்டது அவனுக்கு, அந்தக் கையை, உலர்ந்த அந்த உதட்டை. அதை நினைத்து அழுகையும் வந்தது. எதையும் காட்டிக்கொள்ளாமல், “கொஞ்சம் வேலை கீது,” என்று ஹாலுக்கு வந்துவிட்டான்.

வேலை ஒன்றும் இல்லை. எங்கேயாவது கண்ணை வைக்க வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்தான். மின்மினி சாக்கடை மண்டபத்தில் நின்றபடி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். வரிகள் மேலே ஏறின.

மின்மினி அழுகிய குடலைத் தின்கிறாள்.
மின்மினி எலித் தோலைத் தின்கிறாள்.
மின்மினி எலி வாலைத் தின்கிறாள்.

அவன் பின்னோக்கித் தள்ளினான். பக்கம் பக்கமாக அதே. மின்மினிக்கு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தின்றால் போதும். இது மூச்சு விடும் நேரத்துக்கு ஒரு தடவை. ஏன் என்று பார்த்தபோதுதான் தன் தப்பு கண்ணில் பட்டது. பிராம்ப்ட்டை மாற்றினால் அதைப் படிக்கும் கட்டளையையும் மாற்ற வேண்டும். இந்த ஆட்டத்தில் கை வைத்த எவனும் ஒரு தடவையாவது மறக்கிற விஷயம். முதல் எண் முன்பு வயிறாக இருந்தது. இப்போது முதல் எண் ங. கட்டளைக்கு அது தெரியுமா? முதல் எண் முப்பதுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் தின்னச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மின்மினியின் வயிறு என்றைக்கோ நிரம்பி வழிந்துவிட்டது. ங-வின் வயிறு மட்டும் நிரம்பவில்லை.

அவன் கட்டளையை நிறுத்தினான். இது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துகொண்டே, மின்மினியின் பையில் பழசாகக் கிடந்த ஒரு மாதுளையைத் தின்னச் சொல்லித் தட்டினான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “மாதுளை வாங்கினியா?”

அவன் திரும்பி அறை வாசலைப் பார்த்தான்.

“வாய் முழுக்க மாதுளை மணக்குது முதஸ்ஸிர்.” எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலில் சிரிப்பு.

திரையில் வயிறு ஓர் எண் ஏறியிருந்தது. ங ஏறவில்லை. மாதுளை அதற்கு வேண்டாம்.

கொட்டிவாக்கத்தில் தன் வீட்டு மாடியிலிருந்து ஆட்டத்தை நடத்துகிற வைரவனுக்குப் போன் போட்டான்.

“ங-வா? இன்னா மச்சி சொல்ற? அப்டி ஒரு எழுத்தே நான் வெக்கலியே.”

“எண் காட்டுதுடா. கொறையுது, ஏறுது. கண்ணால பாத்துக்கினு கீறேன்.”

“நான் எழுதின புரோகிராம்ல கெடையாது. ஆண்டவன் மேல சத்தியமா.” கொஞ்ச நேரம் வைரவன் தட்டும் சத்தம் கேட்டது. “இல்ல மச்சி. தேடிட்டேன். தூக்கிப் போடு அத்த. வெளிய வந்துடு. அந்தப் பக்கமே போவாத.”

தூக்கிப் போட்டான். ங இல்லாத பழைய வரி திரும்பி வந்தது, வயிறு, உயிர், தெம்பு. மின்மினியை வெளியேற்றி, லேப்டாப்பை மூடி, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தான்.

அதற்கப்புறம் வீடு மறுபடி வீடாயிற்று. வாந்தி நின்றது. சகினா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள், பட்டினப்பாக்கத்திலிருந்து வஞ்சிரம் வாங்கி வரச் சொல்லி அவளே நின்று வறுத்தாள். வாடை போயிற்று. முதஸ்ஸிர் அவளை முத்தமிட்டு, அந்த வாலை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான். ரூபீனா மாமி வந்து, மகள் முகத்தைத் தடவி, வயிற்றைத் தடவி, அங்கே கையைச் சற்று நிறுத்தி, சட்டென்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே தி.நகர் திரும்பினார்.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. அசதியாக இருக்கிறது என்று சகினா படுக்கப் போனாள். ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான் முதஸ்ஸிர். தெருவில் தேங்கிய தண்ணீரை ஆட்டோ ஒன்று கிழித்துக்கொண்டு போய், அதன் சத்தம் தேய்ந்து, மாடி ஏசியிலிருந்து ஜன்னல் தகரத்தில் சொட்டுகிற தண்ணீர் மட்டும் மிச்சமானபோது, அந்தச் சொட்டுக்கு நடுவே இன்னொரு சத்தமும் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. ஈரமாக. பொறுமையாக. யாரோ சவ்வை மெல்லுகிற சத்தம்.

“சகினா? என்ன சாப்பிடுற?”

மெல்லுவது நிற்கவில்லை.

அவன் எழுந்து படுக்கையறைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவனுக்கே தெரியாது. கால் அலமாரிக்குப் போயிற்று. லேப்டாப்பைத் திறந்தான், மின்மினியாக உள்ளே போனான். சாக்கடை மண்டபம் காலி. கட்டளை எதுவும் ஓடவில்லை. பிராம்ப்ட்டில் ங-வைச் சேர்த்தான்.

தொண்ணூற்றிரண்டு.

கண்ணெதிரே தொண்ணூற்றுமூன்று. யாரும் எதுவும் போடவில்லை. தொண்ணூற்றுநான்கு.

பக்கத்திலேயே உயிர். முழுசாக இருந்த உயிர். பாதிக்கும் கீழே. இறங்கிக்கொண்டிருந்தது.

பார்க்காமல் விட்டால் பசி போய்விடுமா? அவன் மறைத்தது எண்ணை மட்டும்தான். இரை போடுவதை நிறுத்தினான். அது தின்பதை நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்ததைத் தின்றது.

“எலியை அடி,” என்று தட்டினான். இங்கே எலி இல்லை. பை காலி. “எலியை அடி.” இங்கே எலி இல்லை. அழுகலுக்காக அவன் கெஞ்சினான், அந்த அழுகலுக்காக. இங்கே எலி இல்லை.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான்.

சகினா மல்லாந்து படுத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில். உதடு மூடியிருந்தது. தாடை அசையவில்லை. தூங்குகிற முகம்.

மெல்லும் சத்தம் அறை முழுக்க.

அவன் மண்டியிட்டான். போர்வையை விலக்கினான். அவள் வயிற்றில் காதை வைத்தான். வெதுவெதுப்பு. நைட்டித் துணி நனைந்திருந்தது, வியர்வை அல்ல.

சத்தம் நின்றது.

சகினா கண் திறக்காமலே அவன் தலைமுடிக்குள் விரலை விட்டுக் கோதினாள். விரல் சில்லென்றிருந்தது.

“இப்பதான் நல்லா கீது,” என்றாள், தூக்கத்தில் சிரித்தபடி. “வயிறே லேசாயிடுச்சு. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி.”

அவன் கன்னத்துக்கு அடியில், அவள் தோலுக்கு உள்ளேயிருந்து, ஒரு பல் வரிசை மெதுவாக அழுந்தி, அவன் கன்ன எலும்பு எங்கே இருக்கிறது என்று தேடியது.