வெயில் படாத இடம்

காலை ஆறு மணி பத்து. வாசல் நிலையில் பதித்திருந்த, தோலைச் சோதிக்கும் தோல்காட்டியின் மேடையில் ஏறி அமலதாஸ் கைகளை உயர்த்தி நின்றான். நீலக் கோடு தலையிலிருந்து கணுக்கால்வரை இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

“எங்கிட்டுக் காட்டுது?” என்றாள் அவன் மனைவி ஜெசிந்தா.

“தோள்ல. அந்தப் பழைய மச்சம்.”

தூத்துக்குடியின் மேல், வெயிலை வடிகட்டும் கதிர்த்திரையை விரித்துப் பதினோரு ஆண்டுகள். மெலனோமாவுக்குப் பயந்து விரித்தது. மச்சம்போல் தொடங்கும் தோல் புற்றுநோய். கவனிக்காமல் விட்டால் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய்விடும். ஜெசிந்தா அன்றிலிருந்து திரையைத் தாண்டியதில்லை. அமலதாசுக்கு வேலை திரைக்கு வெளியே, உப்பளத்தில்.

சிவப்பு விழுந்தவர்களுக்கு, மருத்துவமனை வண்டி வந்தால்தான் கதவு திறக்கும்.

வண்டியில் அவள் அழுதாள். “சொன்னா கேட்டியளா? வெயில்லயே கெடந்து கருவாடா காஞ்சிட்டிய.”

“கருவாட்டுக்குப் புத்து வராதுட்டி.”

“சிரிப்பு வேற.”

டாக்டர் குழலி உருப்பெருக்கியை மச்சத்தின்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். “விளிம்பு ஒழுங்கா இருக்கு. ஒரே நிறம். இது வெறும் மச்சம்தான். தோல்காட்டி அவசரப்பட்டிருச்சு.”

ஜெசிந்தா கும்பிட்டாள். எழுந்து, குதிகாலை ஊன்றாமல் கணவனிடம் நடந்தாள்.

“கால்ல என்ன?”

“கால் ஆணி டாக்டர். ஆறேழு மாசமா பிளாஸ்திரி போடுதேன்.”

“தோல்காட்டி ஒண்ணும் சொல்லலியா?”

“தெனம் பச்சைதான். அதுமேலதான ஏறி நிக்கோம், அடியில எப்படிப் பாக்கும்?”

டாக்டர் பிளாஸ்திரியை உரித்தார். குதிகாலில் மை கொட்டியதுபோல் ஒரு கறை. ஓரம் கிழிந்த துணிபோல் இருந்தது. நடுவில் புண். அவர் விரல்கள் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தேடின. ஓரிடத்தில் நின்றன.

“சதை எடுத்துப் பாக்கணும். மெலனோமான்னுதான் தோணுது.”

“மச்சம் இவருக்குத்தான டாக்டர்?”

“நம்ம நிறத்துக்காரங்களுக்கு இது அதிகமா வர்றதே உள்ளங்கால்ல, உள்ளங்கையில, நகத்துக்கு அடியிலதாம்மா. அங்க வர்றதுக்கு வெயில் தேவையில்ல.”

சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு அமலதாஸ் அவள் அருகில் வந்தான்.

ஜெசிந்தா தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

“உப்பளத்த ஒரு தடவ வந்து பாருட்டின்னு வருசா வருசம் கூப்பிட்டாவ. அப்ப, நான் போயிருக்கலாமா டாக்டர்?”