வால் வண்டியின் வெளிச்சம்

கண்ணாடியில் தெரிந்த வெளிச்சம் ஆடவில்லை.

சிந்தியா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் இன்னும் பாக்கி இருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது, மூடுபனி சாலைக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. இதில் பின்னால் வருகிறவனின் விளக்கு ஆடுகிறதா நிற்கிறதா என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஆனால் மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. கண்ணில் பட்டதைச் சும்மா விட்டுவிட முடியவில்லை.

பின்னால் வருவது அவள் தம்பி லூர்துபிரகாஷ். வீட்டில் பிரகாஷ். அவன் ஓட்டுவது செத்துப்போன அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள். அதன் முகப்பு விளக்குக்குப் பிடிமானம் தளர்ந்துபோய், வழவழப்பான ரோட்டில் போனாலும் தலையாட்டிக்கொண்டே வரும். புதுச்சேரி முதலியார்பேட்டையில் அவர்கள் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே எதிர்ச் சுவரில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் குலுங்கும். "தோ, உன் தம்பி வந்துட்டான், தோசக் கல்லப் போடு" என்று அம்மா அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

இந்த வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. பள்ளத்தில் இறங்கி அவள் வண்டி குதித்தது, கைப்பிடி அதிர்ந்தது, கண்ணாடியே கிடுகிடுவென்று நடுங்கியது. வெளிச்சம் மட்டும் அதன் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

பனிதான், என்று சொல்லிக்கொண்டாள். பனியில் மஞ்சளும் வெள்ளையாகத்தான் தெரியும்.

புதுச்சேரிக்காரர்களுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர்நேராகத் தெருக்கள். ஏற்றம் என்று ஒன்று வேண்டுமானால் ரயில்வே மேம்பாலத்துக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஓட்டிப் பழகிய ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் கூடி, மலை தேடிக் கிளம்பிவிடுவார்கள். இவர்களுக்குத் தலைவர் கலியபெருமாள், உழவர்கரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். எத்தனை முறை போனாலும், கிளம்பும் முன் எல்லோரையும் நிற்க வைத்து அதே பாடத்தை ஒப்பிப்பார்.

"முன்னாடி போறவன் செவப்பு லைட்ட உடாத. வளைவுல நின்னு, பின்னாடி வர்றவன் லைட்டு தெரிஞ்சப்புறம்தான் நவரணும். அவன் ரெண்டு வாட்டி அணைச்சுப் போட்டான்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம். யாராச்சும் வுட்டுப் போயிட்டா, அவனுக்கு முன்னாடி போனவங்கதான் திரும்பிப் போயி கூட்டியாரணும். நின்னவன் நின்ன எடத்தவுட்டு அசையக் கூடாது. திருப்பத்துல பள்ளத்தப் பாக்காத, பின்னாடி திரும்பாத. கண்ணு எங்க போவுதோ வண்டியும் அங்கதான் போவும்."

கடைசியாக வரும் வண்டிக்கு 'வால்' என்று பெயர். அனுபவம் உள்ளவர்தான் வாலாக வர வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சவரிராயன்தான் வழக்கமாக வருவார். இந்த முறை முட்டி வீங்கி அவரால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக நான் வருகிறேன் என்று பிரகாஷ் குதித்தான். கலியபெருமாள் யோசித்தார். "நான் அவனுக்கு முன்னாடி போறேண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று பொறுப்பேற்றுக்கொண்டது சிந்தியாதான்.

அம்மா சூசைமேரி வாசலில் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு அனுப்பினாள். தம்பி தெருமுனைக்குப் போன பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணாப் போறீங்க, ஒண்ணா வரணும். அவன வுட்டுட்டு நீ மட்டும் வந்து நிக்காதடி." அப்பா போனதிலிருந்து அம்மா எதற்கெடுத்தாலும் இப்படித்தான். சரிம்மா, சரிம்மா என்று கையை உருவிக்கொண்டு வந்தாள்.

மலையுச்சியில் டீ குடித்துவிட்டு இறங்கத் தொடங்கியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாவது வளைவில்தான் பனி திடீரென்று கவிந்து கண்ணாடி வெறுமையானது. சிந்தியா பாடத்தில் உள்ளபடி வண்டியை ஓரம் கட்டி நின்றாள். மிளகுக்கொடி ஏறிய மரங்களிலிருந்து சொட்டுச்சொட்டாக நீர் விழுந்தது. கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றாள். பிறகு மேலே வெளிச்சம் தெரிந்தது. இரண்டு முறை அணைந்து எரிந்தது. அவளும் பதிலுக்கு இரண்டு முறை அணைத்துப் போட்டாள், வரிசையில் தனக்கு முன்னால் நின்ற ஹேமலதாவுக்கும் போட்டாள், வரிசையாக அந்தச் சேதி கலியபெருமாள் வரைக்கும் இறங்கிப் போனது. எல்லோரும் இருக்கிறோம். போகலாம்.

அதிலிருந்துதான் வெளிச்சம் ஆடவில்லை.

அடுத்த வளைவில் வண்டியை நிறுத்தி, என்ஜினையும் அணைத்தாள். அப்பாவின் வண்டி சத்தம் நாலு தெரு தாண்டிக் கேட்கும், பக்கத்து வீட்டுக் குழந்தை அழும். இப்போது கீழே ஹேமலதாவின் வண்டி உறுமல் தேய்ந்துகொண்டே போனது கேட்டது. சூடான சைலன்சர் டிக்டிக்கென்று ஆறியது. எங்கேயோ ஒரு பூச்சி ரீங்கரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டது. பின்னால், மேல் வளைவில், வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"பிரகாஷ்! என்னாடா, வண்டிய ஆஃப் பண்ணிட்டியா?"

அவள் குரலைப் பனி வாங்கி வைத்துக்கொண்டது.

"டேய், வெளையாடாத. அப்புறம் செருப்பால அடிப்பேன்."

வெளிச்சம் இரண்டு முறை அணைந்து எரிந்தது.

நல்லா இருக்கேன் என்று அர்த்தம். அவ்வளவுதானே. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை அணைத்து உருட்டுகிறான் போலிருக்கிறது, கழுதை. கீழே போய்க் காதைத் திருக வேண்டும். இப்படி நினைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள். முதல் தடவை ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவது தடவையும் ஆகவில்லை. மூன்றாவதில்தான் உறுமியது.

இறங்க இறங்க, ஈர மண் வாசனைக்கும் இலை மக்கிய வாசனைக்கும் நடுவே வேறொன்று வந்தது. அவளுக்குத் தெரிந்த வாசனை. மாதா கோயிலில் பூசை முடிந்து கோயில்பிள்ளை பீடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அவிக்கும்போது எழும்பும் வாசனை. அணைந்த மெழுகுவர்த்தி. மலையில், காட்டில், ஹெல்மெட்டுக்குள்.

பிறகு சாலையைப் பார்த்தாள்.

பின்னால் விளக்கு வந்தால் முன்னால் நிழல் விழ வேண்டும். கண்ணாடியில் அந்த வெளிச்சம் இப்போது எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. மிக அருகில். அவள் முதுகும் ஹெல்மெட்டும் நிழலாக நீண்டு அவளுக்கு முன்னே ஓட வேண்டும். சாலையில் அவள் விளக்கின் வட்டம் மட்டும் கிடந்தது. நிழல் இல்லை. ஓரத்துக் கைப்பிடிச் சுவரிலும் வெளிச்சம் படவில்லை. மரத்தில் படவில்லை. அது எதிலும் படவில்லை. கண்ணாடியில் மட்டும் இருந்தது.

திரும்பிப் பார்க்க வேண்டும்.

திரும்பக் கூடாது. வளைவு வருகிறது.

வளைவு. பிரேக். கியர். சாய்ந்து எழுந்தாள். அடுத்தது. இந்த வளைவுகளில் அவள் நிற்கவில்லை. காத்திருக்கவில்லை. பாடத்தை முதல் முறையாக மீறினாள். அது விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. கழுத்தில் குளிர். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள், அடுத்த வார்த்தை வரவில்லை. சின்ன வயதிலிருந்து தினம் சொன்ன செபம். வரவில்லை.

பனி சட்டென்று விலகியது. கீழே மலையடிவாரத்து டீக்கடையின் டியூப்லைட்டும், பாய்லர் புகையும், நிறுத்தியிருந்த வண்டிகளும் தெரிந்தன. சிந்தியாவுக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி வளைவைத் தாண்டி, வண்டிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினாள்.

கலியபெருமாள் கையில் டீயோடு வந்தார். "வால் எங்கம்மா?"

அவள் கைகாட்டினாள்.

கடைசி வளைவில் வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு முறை அணைந்து எரிந்தது.

"தோ நிக்கிறான். ஆறு வண்டியும் வந்தாச்சு" என்றார் கலியபெருமாள் நிம்மதியாக. "ஏன் அங்கியே நிக்கிறான்? டீ ஆறிடப் போவுது, வரச் சொல்லு."

வெளிச்சம் திரும்பியது. வெள்ளை மறைந்து சிவப்புத் தெரிந்தது. சத்தமே இல்லாமல், வந்த வழியே, அது மலையேறத் தொடங்கியது.

"ஏய், எங்க போறான் இவன்?" என்றாள் ஹேமலதா.

சிந்தியாவின் போன் அடித்தது. திரையில் பிரகாஷ்.

"அக்கா, எங்க இருக்கீங்க எல்லாரும்? எவ்ளோ நேரமா ட்ரை பண்றேன், இப்பதான் சிக்னலே கெடச்சுது."

"டேய்... நீ எங்கடா இருக்க?"

"மேலதான். மூணாவது வளைவு தாண்டலக்கா, செயின் கழண்டுகிச்சு. லைட்ட அடிச்சு அடிச்சுப் பாத்தேன், நீ போயிட்ட. இப்பதான் மாட்டினேன். அண்ணன் சொன்ன மாதிரி நின்ன எடத்துலயே நிக்கிறேன். நீ திரும்பி வருவன்னு எனக்குத் தெரியும்."

அவன் குரலுக்குப் பின்னால் அப்பாவின் வண்டி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

சிந்தியா நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஏற வேண்டிய பாதை. அது வளைவுகளில் வேகம் குறைக்கவில்லை. பாதி மலைக்கு மேல் போய்விட்டது. பனிக்குள் நுழைந்தது. காணோம்.

"பிரகாஷ். நான் சொல்றதக் கேளு. யாரு வந்தாலும் கூடப் போவாத. வண்டிய ஆஃப் பண்ணு. நாங்க..."

"யாரு வராங்க? தோ, நீதான் வர்ற." அவன் சிரித்தான். "அதுக்குள்ள வந்துட்டியா!"

"அது நான் இல்லடா!"

"ஆமாமா. ஒத்தக் கால ஊனிகினு, தலையச் சாச்சுகினு நிக்கிற, எங்கக்காவ எனக்குத் தெரியாதா? தோ, ரெண்டு வாட்டி லைட்ட அடிக்கிற."

"பிரகாஷ், டேய், சாமி சத்தியமா நான் கீழ இருக்கேன். கீழ இருக்கேண்டா!"

"என்னா, சரியா கேக்கல. சரி, திரும்பிட்ட, நான் பின்னாடியே வந்துடறேன். போன் பேசிகினே ஓட்டக் கூடாதுன்னு நீதான திட்டுவ."

இணைப்பு அறுந்தது.

கலியபெருமாள் பக்கத்தில் வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், டீயைக் கீழே போட்டார், வண்டியை எடுத்துக்கொண்டு மேலே பறந்தார். சிந்தியா திரும்பத் திரும்ப அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வண்டியில் ஏறி முகப்பு விளக்கை மலையைப் பார்த்துத் திருப்பி, விடாமல் அணைத்துப் போட்டாள், ஹாரனை அழுத்தினாள். அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டிருப்பது தன் வாய்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேலே பனி விலகியது, திரை இழுத்த மாதிரி.

சிவப்பு முன்னால். அதன் பின்னால் மஞ்சள். குலுங்கிக்கொண்டே, தலையாட்டிக்கொண்டே. அவர்கள் தெருச் சுவரில் வரும் அதே வெளிச்சம்.

ஒரு வளைவு. சிவப்பு நின்றது. மஞ்சள் வந்து சேர்ந்தது. இரண்டு முறை அணைந்து எரிந்தது. சமர்த்தாக. சொல்லிக்கொடுத்தபடியே.

இன்னொரு வளைவு. நின்றது. சேர்ந்தது.

கையில் போன் அதிர்ந்தது. பாய்ந்து பார்த்தாள். அம்மா. ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்களா என்று கேட்கத்தான். அவள் எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வளைவில் சிவப்பு திரும்பவில்லை.

நேராகப் போனது. சாலை முடிகிற இடத்தைத் தாண்டி, மரங்களின் தலைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இருட்டில் கொஞ்ச தூரம் போய் நின்றது. விழவில்லை. நின்று காத்திருந்தது.

மஞ்சள் வந்தது. முன்னால் போகிறவரின் சிவப்பை விடாமல். பள்ளத்தைப் பார்க்காமல். வேகம் குறையாமல்.

வளைவு.

அதுவும் திரும்பவில்லை.

சிந்தியா விழும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. மஞ்சள் வெளிச்சம் இருட்டின் மேல் ஊர்ந்து போய், சிவப்பின் அருகில் நின்றது. மெதுவாகத் திரும்பி, அவளைப் பார்த்தது. இரண்டு முறை அணைந்து எரிந்தது.

இப்போது அது ஆடவில்லை.